நிப்பாட்டப் போறாங்களாம்

நேரில் வாங்க என்று மட்டும்தான் சொன்னார்கள். எதற்கு என்று கேட்பதற்குள் போனை வைத்துவிட்டார்கள். வைத்தார்களா, கட்டாகிவிட்டதா என்பது செண்பகவல்லிக்கு இப்போதும் தெளிவாகவில்லை. பள்ளிக்கூட வராந்தாவில் ஆசிரியர் அறைக்கு வெளியே போட்டிருந்த பெஞ்சில், மடியில் பையும் பையின் மேல் இரண்டு கையுமாக உட்கார்ந்து அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தாள். கட்டாகியிருந்தால் மறுபடி கூப்பிட்டிருப்பார்கள். கூப்பிடவில்லை. அப்படியென்றால் வைத்ததுதான். நல்ல சேதியைச் சொல்லப் போகிறவர்கள் யாராவது பாதியில் வைப்பார்களா. தனுஷ்யா அம்மாங்களா, நான் எஸ்தர் டீச்சர், எட்டாங்கிளாஸ் பி பிரிவு, மத்தியானம் வாங்க, அவங்க அப்பா வேண்டாம், நீங்க மட்டும் வாங்க. அந்த ‘மட்டும்’ பல்லிடுக்கில் மாட்டிய பாக்குத் துணுக்கு மாதிரி இருந்தது. பஸ்ஸில் வரும்போதும், கேட்டில் பேர் சொல்லும்போதும், இப்போதும் நாக்கு அதையே போய்ப் போய்த் தொட்டது. அப்பா ஏன் வேண்டாம். அப்பாவுக்குத் தெரியக் கூடாத விஷயமா, இல்லை அப்பாவுக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயமா. பொம்பளைப் பிள்ளை விஷயத்தில் அம்மாவை மட்டும் கூப்பிட்டால் அது இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். இரண்டையும் நினைத்துப் பார்த்தாள். ஒன்று ஆகவே ஆகாது. தனு பக்கத்துக் கடைக்குப் போகவே பத்துத் தடவை யோசிக்கிற பிள்ளை. இன்னொன்று போன வருஷமே ஆகிவிட்டது, சடங்கு வைத்து ஊருக்குச் சோறும் போட்டாயிற்று. அப்படியானால் மிச்சம் இருப்பது உடம்பு. உடம்பைப் பற்றித்தான் பேசப் போகிறார்கள்.

உட்காரச் சொன்ன ஆயா, டீச்சர் கிளாஸ்ல இருக்காங்க, பெல் அடிச்சதும் வந்துருவாங்க என்று சொல்லிவிட்டுப் போகாமல் நின்றாள். “தனுவோட அம்மாவா நீங்க?” என்றாள். ‘நீங்க’வை அவள் இழுத்த இழுப்பு செண்பகத்துக்குப் பழகிப்போனது. மருத்துவமனையில், கல்யாண வீட்டில், ஜவுளிக்கடையில் எல்லாரும் இப்படித்தான் இழுப்பார்கள். செண்பகம் குச்சி. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ரவிக்கை அளவு மாறாத உடம்பு. உன் சோத்தையும் சேத்து மக தின்னுட்டாளா என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள், சிரித்துக்கொண்டே பதில் சொல்லாமல் இருக்க வேண்டும். ஆமா என்றாள் ஆயாவிடம். ஆயா தலையை மேலும் கீழும் ஆட்டிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். அந்தத் தலையாட்டலில் என்ன இருந்தது. இவளுக்குத் தெரியும். இந்தப் பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் தெரியும், கேட்டில் இருந்த வாட்ச்மேனுக்குக்கூட. பேரைச் சொன்னதும், ஓ, என்றானே. எத்தனையோ நூறு பெண்பிள்ளைகள் படிக்கிற இடத்தில் ஒரு எட்டாங்கிளாஸ்காரியின் பேர் வாட்ச்மேனுக்கு எதற்குத் தெரிய வேண்டும். எதிர்த்த வகுப்பில் பிள்ளைகள் ஒரே குரலில் எதையோ ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் குரல்களுக்குள் தனுவின் குரல் இருக்கிறதா என்று காதைக் கூர்மையாக்கினாள். பிறகு, அது ஆறாங்கிளாஸ் என்று கதவில் எழுதியிருந்ததைப் பார்த்தாள்.

எப்போது மாறியது என்று யோசித்தால் பிடிபடுவதில்லை. பிறந்தபோது சோளக்கருது அளவுதான் இருந்தாள், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, தேறுமா தேறாதா என்று சொல்ல முடியாது என்றார்கள். தேறினாள். ஒரு கரண்டி உள்ளே போனால் வீட்டுக்கே திருவிழா. கன்னத்தில் சதை பிடித்தபோது கோவில்பட்டி பூராவும் தூக்கிக்கொண்டு அலைந்தார் தனுவின் அப்பா, கொழுக் மொழுக்குன்னு இருக்கா பாருங்க என்று தன் பேக்கரிக்கு வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார். பட்டர் பிஸ்கட்டைக் கையில் கொடுத்தால் பல்லில்லாத வாயால் ஊறவைத்து ஊறவைத்துத் தின்பாள். அதே கன்னம்தான், அதே பிஸ்கட்தான். என்றைக்கு அது ஆசையாகக் கிள்ளுகிற கன்னமாக இல்லாமல், பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்புகிற கன்னமாக ஆயிற்று. யாரும் சொல்லிவிட்டு மாற்றவில்லை. வருஷா வருஷம் யூனிபாரத்தின் பக்கவாட்டுத் தையலைப் பிரித்து உள்ளே மடித்த துணியை வெளியே விடும்போது, பிரிப்பதற்கு இன்னும் துணி இருக்கிறது என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது. இந்த வருஷம் துணி தீர்ந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் தருகிற அளவுகளில் எதுவும் சேராமல், துணியாக வாங்கி அவளே தைத்தாள். நிறம் கொஞ்சம் கூடிப்போயிற்று. அப்புறம் அந்தக் கழுத்து. பின்கழுத்தில் கறுப்பாக ஒரு பட்டை. அழுக்கு என்றுதான் நினைத்தாள். கடலைமாவும் எலுமிச்சம்பழமும் போட்டு ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை தேய்த்தாள், பிள்ளை எரியுதும்மா எரியுதும்மா என்று கத்தக் கத்தத் தேய்த்தாள். அழுக்கில்லம்மா அது, என்றார் டாக்டரம்மா. உடம்புக்குள்ள சர்க்கரை சேர்ற விதம் கோளாறாகும்போது வர்ற அடையாளம், இப்பவே குறைச்சா சரியாயிரும், விட்டா கல்யாண வயசுக்கு முன்னால சுகர் வந்துரும். செண்பகம் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். அந்தக் கழுத்தைத் தோல் உரிகிற மாதிரி தேய்த்தது இந்த விரல்கள்தான்.

அதற்கப்புறம் வீட்டில் எல்லாம் அவள் கண்ணுக்குள் வந்தது. பிஸ்கட் டப்பாக்களை அலமாரி உச்சிக்கு ஏற்றினாள். அரிசியைக் குறைத்தாள், காய் கூட்டினாள், மாலையில் சுண்டல். ஒரு குறைச்சலும் இல்லை, பிள்ளை குறையவும் இல்லை. அப்படியென்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. முதல் சந்தேகம் அவர் மேல்தான். கடை அடைத்துவிட்டு வரும்போது விற்காமல் மிஞ்சிய பஃப்ஸும் தேங்காய் பன்னும் கவரில் கொண்டுவருவார், வேண்டாம் என்று சண்டை போட்ட பிறகு கொண்டுவரவில்லை; ஆனால் சட்டைப் பையில் எண்ணெய்க் கறை இருந்தது. அவள் துவைக்கும்போது முகர்ந்து பார்த்தாள். கேட்டால், எம்பிள்ளைக்கு எங்கையால ஒரு வாய் குடுக்கக் கூடாதா என்பார், பேக்கரிக்காரன் மக பட்டினி கெடக்கணுமா என்பார். இரண்டாவது சந்தேகம் பிள்ளை மேலேயே. தூங்கும்போது பக்கத்தில் போய் வாயை முகர்ந்திருக்கிறாள். பள்ளிக்கூடப் பையைத் துழாவியிருக்கிறாள். ஒருநாள் டிபன் பாக்ஸ் திறக்காமலே திரும்பி வந்திருந்தது, சோறு அடியில் நூல் விட்டிருந்தது. ஏட்டி, சாப்பிடலையா? பசிக்கலைம்மா. பசிக்காத பிள்ளை சாயங்காலம் வந்ததும் வராததுமாகச் சுண்டலை அள்ளி அள்ளித் தின்கிறது. அப்படியென்றால் மத்தியானம் வெளியே ஏதோ தின்கிறாள். யார் வாங்கித் தருகிறார்கள். எதற்கு வாங்கித் தருகிறார்கள். சும்மா யாராவது ஒரு பிள்ளைக்கு வாங்கித் தருவார்களா. இந்த இடத்துக்கு வந்ததும் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுவாள்.

எல்லாவற்றுக்கும் மேலே சொர்ணம் மதினி. அவர் கூடப்பிறந்த அக்கா, எட்டயபுரத்தில் வாழ்க்கைப்பட்டவள், மாசத்துக்கு ஒருதரம் வந்துவிடுவாள். வந்து, காலை நீட்டி, தனுவை மேலும் கீழும் பார்த்து, “படிப்பு படிப்புன்னு ஒரே இடத்துல உக்கார வச்சா உடம்பு வைக்காம என்ன செய்யும்? ரெண்டு வேலை செய்யவிடு, தானா வத்தும். நாங்கல்லாம் தண்ணி எடுத்தோம், மாவாட்டினோம், எங்களுக்கு இருந்துச்சா இந்த ஊளைச்சதை?” என்பாள். அக்கா பேசப் பேச அவர் கேட்டுக்கொண்டே இருப்பார். மறுத்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். “இன்னும் ரெண்டு வருசம் போனா இவள எவன் கட்டுவான்? எங்கூட ஒரு வருசம் அனுப்பு, எளைச்சு அனுப்புதேன்.” ஒரு வருசம். எட்டாங்கிளாஸ் பிள்ளையை ஒரு வருசம் அனுப்பினால் அது திரும்பி எந்த கிளாஸுக்கு வரும். மதினி போனபிறகு இவர் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்ப் பேசுகிறார், செண்பகம் கதவுப் பக்கம் வந்தால் குரல் தணிகிறது. சரிக்கா, பாப்போம்க்கா, யோசிக்கேன்க்கா. எதை யோசிக்கிறார். இன்றைக்கு அப்பா வேண்டாம் என்று டீச்சர் சொன்னதற்கு அதுதானா காரணம். அவர் ஏற்கெனவே வந்து பேசிவிட்டுப் போனாரா. மதினி வந்தாளா. மதினி வந்தால் இந்தப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பாள். செண்பகம் சட்டென்று எழுந்து, பெஞ்சைப் பார்த்துவிட்டு, மறுபடி உட்கார்ந்தாள்.

நிப்பாட்டுவது எப்படி என்று அவளுக்குத் தெரியும். சத்தமில்லாமல் நிப்பாட்டுவார்கள். அவளை அப்படித்தான் நிப்பாட்டினார்கள். ஒன்பதாவது முடித்து, லீவு முடிந்து, பள்ளிக்கூடம் திறக்கிற அன்றைக்கு அவள் காலையிலேயே குளித்து, ரெட்டைச் சடை போட்டு, மடித்துக் கட்டி, நீல ரிப்பனைப் பூவாக முடிந்து உட்கார்ந்திருந்தாள். அவளைப் பெற்ற ஐயா தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார், அவள் பக்கம் திரும்பவே இல்லை. தம்பி பையை மாட்டிக்கொண்டு ஓடினான். அவள் எழுந்தபோது அம்மா அடுப்படியிலிருந்து, ஏட்டி, ரிப்பனை அவுத்துட்டு வா, தோசைக்கு ஆட்டணும், என்றாள். அவ்வளவுதான். அதட்டல் இல்லை, அடி இல்லை, இனிமேல் போகாதே என்று ஒருவர்கூட வாய் திறந்து சொல்லவில்லை. அவிழ்த்துவிட்டுப் போய் ஆட்டுரல் முன்னால் உட்கார்ந்தாள். தெருவில் மற்ற பிள்ளைகள் பேசிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது, குழவியை வேகமாகச் சுற்றினால் கேட்கவில்லை. இதைத் தனுவிடம் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள். படிக்க மாட்டேன் என்று முகத்தைத் தூக்கும்போதெல்லாம், பரீட்சைக்கு முந்தின நாளெல்லாம், மருந்து புகட்டுகிற மாதிரி சொல்லியிருக்கிறாள். எனக்குக் கிடைக்கலை, உனக்குக் கிடைச்சிருக்கு, விட்டுராத. சாமி சாட்சியாக அவள் இருக்கிறவரைக்கும் இந்தப் பிள்ளையை ஒருத்தரும் நிப்பாட்ட முடியாது. மதினியையும் பார்த்துக்கொள்வாள், அவரையும் பார்த்துக்கொள்வாள்.

ஆனால் பள்ளிக்கூடமே நிப்பாட்டினால்? இரண்டு வாரமாகத் தனு அதைத்தான் சொல்கிறாள். நேராகச் சொல்லவில்லை, சோற்றைப் பிசைந்துகொண்டே, எங்கேயோ பார்த்துக்கொண்டு. டீச்சர் சொல்லுதாங்கம்மா, எனக்கு இந்த ஸ்கூல் ஒத்து வராதாம். ஒத்து வராதுன்னா? தெரியல, டி.சி. குடுத்துருவாங்க போல. ஏன், மார்க் நல்லாத்தானே வாங்குதே? மார்க்கெல்லாம் இல்லம்மா, ஸ்கூல் பேர் கெட்டுருமாம். குண்டான பிள்ளையால் பள்ளிக்கூடத்தின் பேர் கெடுமா. கெடும்போல. ஆண்டு விழாவில் முன்வரிசையில் ஆடுகிற பிள்ளைகளையெல்லாம் பார்த்தாளே, அளந்து வெட்டின மாதிரி. கட்டணம் வாங்கும்போது இனித்தது, இப்போது கசக்கிறதா. செண்பகம் பஸ்ஸிலேயே வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தாள். எம்பிள்ளை மார்க்கைப் பாருங்க, எடையைப் பாக்காதீங்க. இது பள்ளிக்கூடமா, பருத்தி மண்டியா? மேலே புகார் குடுப்பேன். எங்கே குடுப்பது என்று தெரியாது, ஆனால் அப்படிச் சொல்ல வேண்டும். சொல்லும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிடக் கூடாது. வரும். வந்தால் முந்தானையால் துடைக்கக் கூடாது, அவர்களுக்கு இளக்காரமாகிவிடும்.

பெல் அடித்தது. வராந்தா நிறைந்தது. பெண்பிள்ளைகள் ஓடினார்கள், இடித்தார்கள், சிரித்தார்கள். ஒவ்வொரு சிரிப்பும் தன்னைப் பார்த்துத்தானோ என்று செண்பகத்துக்குத் தோன்றியது, அப்புறம் தன்னைப் பார்க்கவே இல்லை என்று தோன்றியது. தனுவைத் தேடினாள். அவ்வளவு பெரிய உடம்பு இத்தனை பேருக்கு நடுவில் எப்படிக் காணாமல் போகும். கூட்டம் வடிந்த பிறகு, கையில் சாக்பீஸ் தூளோடு ஒரு பெண் வந்து நின்றாள். சின்ன வயசு, மெலிந்த முகம், பார்வை மட்டும் கனமாக இருந்தது. எஸ்தர் டீச்சர். உள்ளே கூட்டிப்போய், கதவைச் சாத்தி, எதிரே உட்கார்ந்து, உடனே பேசாமல் செண்பகத்தையே பார்த்தாள். இந்தப் பார்வையை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று இருந்தது. திருடு போன வீட்டில் வேலைக்காரியைப் பார்க்கிற பார்வை.

“சுத்தி வளைக்காம கேட்டுர்றேம்மா,” என்றாள் டீச்சர். “தனுவை நிப்பாட்டப் போறீங்களாமே?”

அடுக்கி வைத்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. “யாரு?” என்றாள் செண்பகம்.

“நீங்கதான். வீட்ல. அவ அப்பா வந்தா பேச்சு வேற மாதிரி போயிரும், அம்மாகிட்ட பேசுனா ஒரு வழி பிறக்கும்னுதான் உங்கள மட்டும் வரச் சொன்னேன்.”

“நிப்பாட்டப் போறது நீங்கல்ல? டி.சி. குடுக்கப் போறோம்னு சொன்னது நீங்கல்ல?”

“நாங்களா?” டீச்சர் முன்னால் நகர்ந்தாள். “நாங்க ஏம்மா குடுக்கோம்? நல்லாப் படிக்கிற பிள்ளை. அறிவியல்ல அவதான் முதல். அவளை நீங்க எட்டயபுரத்துக்கு அனுப்பப் போறதா சொல்லி அழறா.”

ஆக மதினிதான், என்று மனசு பாய்ந்தது. இவரும் மதினியும் சேர்ந்து பேசி, பிள்ளையிடமே சொல்லி, தன்னிடம் மட்டும் மறைத்து. போகட்டும், இன்றைக்கு வீட்டில் அவருக்கு இருக்கிறது. உடனே அடுத்த சந்தேகம் வந்தது: இந்த டீச்சர் பொய் சொல்கிறாள், டி.சி. கொடுக்கிறதுக்கு முன்னால் பழியை வீட்டின் மேல் போடுகிறாள், படித்தவர்களுக்கு இதெல்லாம் கைவந்த வேலை. டீச்சரும் அதே மாதிரிதான் தன்னைப் பார்க்கிறாள் என்பது தெரிந்தது; மூடி மறைக்கிற தாய், வாயைப் பிடுங்கினால்தான் உண்மை வரும் என்று.

“மறைக்காதீங்கம்மா,” என்றாள் டீச்சர், குரலைத் தணித்து. “அவ எல்லாத்தையும் சொல்லிட்டா. போன திங்கக்கிழமை அவ லீவு போட்டாள்ல? காலையில குளிச்சு, ரெட்டைச் சடை போட்டு, ரிப்பன் கட்டிக் கிளம்பி உக்காந்திருந்தாளாம். நீங்க அடுப்படியில இருந்து, ரிப்பனை அவுத்துட்டு வா, தோசைக்கு ஆட்டணும்னு சொன்னீங்களாம். தெருவுல மத்த பிள்ளைங்க போற சத்தம் கேக்கக் கூடாதுன்னு வேகமா ஆட்டுனாளாம். சொல்லும்போது எனக்கே தாங்கலை.”

வீட்டில் ஆட்டுரல் இல்லை. கிரைண்டர்தான் இருக்கிறது. திங்கட்கிழமை தனு வயிற்றுவலி என்று படுத்திருந்தாள், செண்பகம் ஓமத்தண்ணீர் கொடுத்தாள். அறை ஒரு நிமிஷம் எங்கேயோ போய்விட்டு வந்தது. மதினி இல்லை. அவர் இல்லை. டீச்சர் இல்லை. ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டில் பள்ளிக்கூடத்தின் மேல் சொல்லி, பள்ளிக்கூடத்தில் வீட்டின் மேல் சொல்லி, நடுவில் இருந்த கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டிருந்தது அவள்தான், அந்தப் பிள்ளைதான். எது சொன்னால் ஊர் மறுபேச்சில்லாமல் நம்பும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு பெண்பிள்ளையை வீட்டில் நிப்பாட்டிவிட்டார்கள் என்றால் யார் நம்ப மாட்டார்கள். அதற்குத் தன் அம்மாவின் கதையையே எடுத்துக்கொண்டாள். வாசலில் நின்று இத்தனை வருஷம் வெளியே பார்த்துக் காவல் காத்தாள் செண்பகம். போகிறவள் வீட்டுக்குள்ளிருந்து போகிறாள். கோபம் வந்தது. எது கிடைக்காமல் தான் இத்தனை வருஷம் ஏங்கினாளோ, அதைப் பிள்ளை தானாக அவிழ்த்துப் போடப் பார்க்கிறது. பிறகு கோபத்துக்குக் கீழே குளிர்ந்த பயம் ஒன்று தட்டுப்பட்டது. அப்படி ஓடிப்போக வேண்டிய அளவுக்கு இங்கே என்ன இருக்கிறது.

“ஆயாவ விட்டு அவளைக் கூப்பிட்டிருக்கேன்,” என்றாள் டீச்சர். “அவ முன்னாலேயே பேசிருவோம்.”

தனு கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அம்மாவைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள், இருவரும் ஒரே மேஜையில் இருப்பதைப் பார்த்தாள். கழுத்தைக் காலருக்குள் இழுத்துக்கொண்டாள். கை இரண்டும் தானாகவே வயிற்றின் முன்னால் வந்து கோத்துக்கொண்டன. எப்போதும் அப்படித்தான் நிற்பாள், செண்பகம் இன்றைக்குத்தான் பார்த்தாள். இப்போது ஒரே ஒரு வார்த்தை போதும். இவ பொய் சொல்லுதா டீச்சர். அது உண்மை, நியாயமும்கூட. சொன்னால் நாளைக்கு இந்த வராந்தா பூராவும் அது ஓடும், வாட்ச்மேன்வரைக்கும்.

“ஆமா டீச்சர்,” என்றாள் செண்பகம். “நாங்கதான் அப்படிப் பேசுனோம். எங்க மதினி சொன்னாங்க, எனக்கும் புத்தி பிசகிருச்சு. தோசைக்கு ஆட்டச் சொன்னது நான்தான். இனிமே அந்தப் பேச்சே கிடையாது. அவ படிப்பா.”

டீச்சரின் தோள்கள் இறங்கின. என்னென்னவோ சொன்னாள், பெண்பிள்ளைகள் படிப்பு, எதிர்காலம், நன்றி. செண்பகம் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தப்பித்தோம் என்ற ஆறுதல் அந்த முகத்தில் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. தனு கண்ணைச் சுருக்கி, இது எதற்கான வலை என்று கண்டுபிடிக்கப் பார்க்கிற மாதிரி அம்மாவைப் பார்த்தாள். அந்தக் கண்சுருக்கல் செண்பகத்துடையது.

வராந்தாவுக்கு வந்ததும் தனு நின்றாள்.

“ஏம்மா பொய் சொன்னே?”

“நீ ஏன் சொன்னே?”

அடுத்த பீரியட் தொடங்கியிருந்தது, யாரும் இல்லை. செண்பகம் மறுபடி கேட்கவில்லை. கேட்டால் வாயை மூடிக்கொள்வாள் என்று தெரியும். இத்தனை நாள் கேட்டுக் கேட்டு, முகர்ந்து முகர்ந்து, துழாவித் துழாவித்தான் ஒன்றும் தெரியாமல் போனது. பெஞ்சில் உட்கார்ந்து பக்கத்தில் இடம் விட்டாள். தனு ஓரமாக உட்கார்ந்தாள், சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள், பேச ஆரம்பித்ததும் நிற்காமல் வந்தது.

“எடை பாக்குற மிஷின் கொண்டுவந்தாங்கம்மா. பெரிய ஹால்ல வச்சு. எல்லா செக்ஷனும் இருந்துச்சு. பி.டி. மிஸ் நம்பரைப் படிப்பாங்க, ப்ளஸ் ஒன் அக்கா ஒருத்தி சத்தமா திருப்பிச் சொல்லி எழுதுவா. எனக்குச் சொன்னதும் மொதல்ல ஒருத்தரும் சிரிக்கலை. மிஸ்ஸே, மிஷின் சரியா இருக்கான்னு பாரு, எறங்கி ஏறுன்னு சொன்னாங்க. ஏறினேன். அதே நம்பர். அப்பத்தான் சிரிச்சாங்க. இப்ப என்னைத் தனுன்னு கூப்பிடுறதில்ல, டன்னுன்னுதான். என்ன மாதிரி ஏழெட்டுப் பேருக்குத் தனி லைன். மத்தவங்க த்ரோபால் ஆடும்போது நாங்க மட்டும் சுவரோரமா சுத்தி நடக்கணும். அதுக்குப் பேரு டன் லைன். மத்தியானம் கிளாஸ் லீடர் வந்து எங்க டிபனை மட்டும் தெறந்து பாப்பா, ஆரோக்கியமா இருக்கான்னு. சோறு கொண்டுபோனா, ஐயோ இவ்வளவான்னு. சுண்டல் கொண்டுபோனா, பாவம்னு. அதான் நான் தெறக்கிறதே இல்ல, வர்ற வழியில கொட்டிருவேன். நல்லதுக்குத்தான் செய்யுதாங்களாம்மா. எல்லாரும் நல்லதுக்குத்தான் செய்யுதாங்க. நீ கழுத்தத் தேச்சியே, அதுவும் நல்லதுக்குத்தான்.”

எங்கே, யார், எவன் வாங்கித் தருகிறான் என்று பயந்து பயந்து தேடிய மத்தியானத்தில் இந்தப் பிள்ளை பட்டினி கிடந்திருக்கிறது. சாயங்காலம் வந்து சுண்டலை அள்ளும்போது ஏட்டி மெதுவா என்று கையைத் தட்டிவிட்டிருக்கிறாள் அவள். கழுத்தைத் தொடப் போனாள், தனு விலகவில்லை, ஆனால் விறைத்தாள். கையை எடுத்துக்கொண்டாள்.

“எங்கிட்ட ஏன் சொல்லலை?”

“சொன்னா நீ அழுவே. இல்லைன்னா, எனக்குக் கிடைக்கலை உனக்குக் கிடைச்சிருக்குன்னு ஆரம்பிப்பே.”

அது சரியாகத்தான் இருந்தது. இப்போதும் அதுதான் நாக்கு நுனியில் நின்றது. விழுங்கினாள். டாக்டரம்மா சொன்னது பொய்யில்லை, அந்தக் கறுப்புப் பட்டை பொய்யில்லை, குறைக்கத்தான் வேண்டும், நடக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு ஹால் பூராவும் கேட்கிற மாதிரியா. சுவரோரமாகவா. நாளைக்கு இந்தப் பிள்ளை வருவாளா என்பது தெரியவில்லை. வந்தாலும் நாளை மறுநாள் வருவாளா. இதைப் பேசாமல் வீட்டுக்குப் போனால், ஆரம்பத்திலிருந்து வேறொரு பொய் வரும், இதைவிட நல்ல பொய்யாக, யாரும் பிரித்துப் பார்க்க முடியாத தையலாக.

எழுந்தாள். பையைத் தோளில் மாட்டினாள்.

“எங்க போறே?”

“டீச்சர்கிட்ட. அந்த மிஷினை ஒரு ரூமுக்குள்ள வைக்கச் சொல்லணும். கதவைச் சாத்திட்டு, நம்பரை உங்கிட்ட மட்டும் சொல்லச் சொல்லணும். டிபனை இனி ஒருத்தி தொடக் கூடாது. நடக்கணும்னா எல்லாப் பிள்ளைகளும் நடக்கட்டும், இல்லைன்னா அந்த த்ரோபாலை உங்கையில குடுக்கட்டும்.”

“போகாதம்மா. மிஸ்ஸுக்குத் தெரிஞ்சா இன்னும் மோசமாயிரும். உன்னையும் எதாச்சும் சொல்லுவாங்க.”

“சொல்லட்டும்.”

“அவங்க கேக்க மாட்டாங்க.”

“கேக்காட்டி நாளைக்கும் வருவேன். நீ இங்கயே இரு. வர வேண்டாம்.”

எஸ்தர் டீச்சர் கேட்பாளா என்பது சந்தேகம்தான். நல்லவளாகத்தான் தெரிகிறாள், நல்லவர்கள் தாங்கள் செய்த நல்லதைப் பற்றி எதையும் கேட்க விரும்புவதில்லை. பி.டி. டீச்சரைக் கூப்பிடுவாள். தலைமை ஆசிரியையைக் கேட்க வேண்டும் என்பாள். செண்பகம் அறைப் பக்கம் நடந்தாள். பாதி தூரம் போனபோது பின்னால் பெஞ்சு கிறீச்சிட்டது. ஷூ சத்தம் ஒன்று, நின்று, யோசித்து, மறுபடி ஒன்று. கனமான கால், அவளுக்குத் தெரிந்த கால். திரும்பிப் பார்த்தால் நின்றுவிடுவாளோ என்று சந்தேகமாக இருந்தது. அதனால் பார்க்காமல், நடையைக் கொஞ்சம் மெதுவாக்கிக்கொண்டு, கதவைத் தள்ளி, அது மூடிவிடாதபடி கையால் பிடித்துக்கொண்டு நின்றாள்.